பாடம் ஆன்லைனில் படிக்கலாம், பயிற்சி?

கேள்வி: மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்கிறேன். வயது 34. ரேடியேஷன் தெரபி படித்துப் புற்றுநோய்ப் பிரிவுக்கு மாற ஆசை. பையன் சின்னவன் என்பதால் முழுநேரக் கல்லூரிக்குப் போக வழியில்லை. ‘முழுவதும் ஆன்லைன், ஆறே மாதத்தில் சான்றிதழ்’ என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். சேரலாமா? அங்கே கதிர்வீச்சு அதிகம் என்று கணவர் வேறு பயப்படுகிறார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, அந்த விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். அதற்காக ஆன்லைனில் படிப்பதே வீண் என்று நினைக்க வேண்டாம். இந்தப் படிப்பில் ஒரு பெரும் பகுதியை வீட்டு மேஜையிலேயே முடித்துவிடலாம். மீதியைச் சிகிச்சை அறைக்குள் நின்றுதான் கற்றாக வேண்டும்.

கதிர்வீச்சு இயற்பியல், கதிர் பட்டால் செல்லுக்கு என்ன ஆகிறது என்ற உயிரியல், சி.டி. படத்தில் உறுப்புகளை அடையாளம் காண்பது எல்லாம் ஆன்லைனுக்குப் பொருத்தமானவை. பையன் தூங்கிய பிறகு, புரியாத இடத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். உடற்கூறியலும் கதிர்வீச்சுப் பாதுகாப்பும் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தவை. ஆனால் எக்ஸ்ரேயில் படம் சரியாக விழாவிட்டால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். இங்கே தப்பான இடத்தில் கொடுத்த டோஸைத் திரும்ப எடுக்க முடியாது.

தொண்டைப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக 70 கிரே (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு), தினம் 2 கிரே வீதம் 35 தவணை. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஏழு வாரம். முதலில் தலை அசையாமலிருக்க மாஸ்க் செய்வார்கள். பிளாஸ்டிக் வலையை வெந்நீரில் போட்டு இளக்கி, முகத்தின் மேல் இழுத்துப் படியவைத்து, இறுகும்வரை பிடித்திருக்க வேண்டும். மூச்சு முட்டுகிறது என்று எழுந்திருக்கப் பார்ப்பவரை அமைதிப்படுத்துவதும் உங்கள் வேலைதான். அப்புறம் தினமும் மாஸ்க்கைப் பூட்டி, அதன் மேலுள்ள குறிகளைச் சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகளோடு பொருத்தி, படம் எடுத்துப் பார்த்து, கட்டிலை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்த வேண்டும். உதவுவதாக நினைத்து நோயாளி தானே கொஞ்சம் நகர்ந்துகொள்வார். ‘நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், அப்படியே படுத்திருங்க’ என்று தினமும் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் வாரத்தில் ஆள் மெலிந்து மாஸ்க் தொளதொளவென்று ஆகியிருக்கும். அதைக் கையில் உணர்ந்து, மருத்துவரிடம் முதலில் போய்ச் சொல்கிறவர் பெரும்பாலும் தெரபிஸ்ட்தான். இயந்திரத்தைத் திரையில் இயக்கிப் பழக நல்ல சிமுலேட்டர்கள் வந்துவிட்டன. அவற்றால் பட்டன் பயம் போகும். இந்தக் கை வராது.

உரிமமோ சான்றோ கொடுக்கிறவர்களும் இதையேதான் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் இந்தத் துறையினருக்குச் சான்று தரும் ஏ.ஆர்.ஆர்.டி. அமைப்பின் தேர்வு எழுத, அங்கீகரித்த படிப்போடு மருத்துவமனைப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். 2015 முதல் குறைந்தபட்சம் அசோசியேட் பட்டமும் (இளநிலைப் பட்டத்துக்குக் கீழே உள்ளது) கேட்கிறார்கள். பிரிட்டனில் மருத்துவத் துணைத் தொழில்களுக்கான பதிவு அமைப்பான எச்.சி.பி.சி.யில் பதிவு செய்யாமல் இந்த வேலையின் பதவிப் பெயரையே போட்டுக்கொள்ள முடியாது. இந்தியாவில் தகுதியை வரையறுப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். ஆகவே எந்தப் படிப்பானாலும், நீங்கள் வேலை பார்க்கப்போகும் நாட்டின் அமைப்பு அதை ஏற்கிறதா என்று அந்த அமைப்பிடமே கேளுங்கள். விற்கிறவரிடம் கேட்டால் ‘ஏற்கும்’ என்றுதான் சொல்வார். அவரிடம் கேட்க வேண்டியது வேறு: பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம், அந்த இடத்தைப் பிடித்துத் தருவது யார்? ‘நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்’ என்றால், அந்த மருத்துவமனையின் சம்மதம் எழுத்தில் கைக்கு வரும்வரை சேராதீர்கள். பாடத்தை எல்லாம் முடித்துவிட்டுப் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் நிற்பதுதான் இதில் நடக்கக்கூடிய பெரிய சங்கடம்.

பாடம் இணையத்தில், பயிற்சி அருகிலுள்ள மருத்துவமனையில் என்று கலந்து நடத்தும் படிப்பு கிடைத்தால் தாராளமாகச் சேரலாம். ஆனால் பயிற்சி மாதங்களில் பகல் முழுக்க அங்கேதான் இருப்பீர்கள். பையனை யார் பார்த்துக்கொள்வது என்பதை இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

நோயாளியோடு நிற்பதைவிடக் கணக்கும் கம்ப்யூட்டரும்தான் பிடிக்கும் என்றால் டோஸிமெட்ரியையும் விசாரியுங்கள். எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு டோஸ் என்று சிகிச்சைத் திட்டம் போடும் வேலை அது. பெரும்பாலும் திரையில் நடப்பதால் தொலைவிலிருந்து கற்க இன்னும் தோதானது. அதற்கும் மருத்துவமனைப் பயிற்சி உண்டுதான். 34 வயதெல்லாம் இதற்குத் தாமதமே இல்லை.

கணவரின் பயத்துக்கு வருவோம். மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் லீனியர் ஆக்ஸிலரேட்டர் இயந்திரத்தில் பீம் நின்றதும் சிகிச்சைக் கதிரும் நின்றுவிடும். கோபால்ட் இயந்திரம் அப்படியல்ல. அதனுள் இருக்கும் கதிரியக்கப் பொருள் எப்போதும் கதிர் விட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் கவசத்துக்குள். எதுவானாலும் சிகிச்சை ஓடும்போது நீங்கள் தடித்த சுவருக்கு வெளியே, கேமரா வழியே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஊழியர் உடலில் படும் கதிருக்குச் சர்வதேச வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். நீங்கள் இப்போது குத்திக்கொள்ளும் அதே பேட்ஜ்தான் அங்கும் அளக்கும். கர்ப்பம் என்று தெரிந்தால் மட்டும் உடனே பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும். அது எக்ஸ்ரே பிரிவுக்கும் பொருந்துகிற விதிதான்.