மரப் பலகையில் எந்த அறிவியல் பெயரை எழுதுவது?

கேள்வி: எங்கள் வளாகத்து மரங்களுக்கு அறிவியல் பெயருடன் பலகை வைக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வேம்புக்குப் பழைய புத்தகம் ஒன்றில் ‘மீலியா அசாடிராக்டா’ என்று இருக்கிறது. புதியதில் ‘அசாடிராக்டா இண்டிகா’. கருவேலம் ஓரிடத்தில் ‘அகேசியா நிலோடிகா’, இன்னோரிடத்தில் ‘வசெலியா நிலோடிகா’. எது சரி? பெயருக்குப் பின்னால் ‘எல்.’, ‘ஏ.ஜுஸ்.’ என்று வருவதெல்லாம் என்ன? பலகையை மாட்டிய பிறகு மறுபடியும் பெயரை மாற்றிவிட்டால் என்ன செய்வது?

பதில்: எழுத வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அசாடிராக்டா இண்டிகா, வசெலியா நிலோடிகா. மற்ற இரண்டும் தப்பான பெயர்கள் அல்ல, அதே மரங்களின் பழைய பெயர்கள். இவற்றை ஒத்தபெயர்கள் என்போம்.

ஏன் மாறுகிறது என்பது பெயருக்குள்ளேயே இருக்கிறது. முதல் சொல் பேரினம். ‘இந்த மரம் இன்னின்ன மரங்களுக்கு நெருங்கிய சொந்தம்’ என்ற கருத்தை அது சொல்கிறது. கருத்து என்றால் மாறத்தான் செய்யும். இரண்டாவது சொல் சிற்றினத்துக்கான அடையாளம். பேரினம் மாறினாலும் பெரும்பாலும் கூடவே போகும். கருவேலத்தையே பாருங்கள். இந்த இருசொல் பெயர்முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் மிமோசா நிலோடிகா. பிறகு அது அகேசியாவுக்குப் போனது, இப்போது வசெலியாவில் இருக்கிறது. மூன்று வீடு மாறியும் ‘நைல் நதியைச் சேர்ந்த’ என்று பொருள்படும் நிலோடிகா மட்டும் விடவில்லை.

கடைசி மாற்றத்தில் ஒரு சர்ச்சையே நடந்தது. அகேசியா என்று ஒன்றாகக் கட்டி வைத்திருந்தவை எல்லாம் ஒரே மரபுவழியில் வந்தவை அல்ல என்று மரபணு ஆய்வுகள் காட்டின. சரி, பிரிக்கலாம். ஆனால் அகேசியா என்ற பெயர் யாருக்கு? விதிப்படி, அந்தப் பேரினத்தின் வகைமாதிரிச் சிற்றினம், அதாவது பேரினப் பெயருக்கு அடையாளமாக நிர்ணயித்த சிற்றினம், எந்தப் பிரிவில் இருக்கிறதோ அந்தப் பிரிவுக்கு. அந்த வகைமாதிரி வேறு எதுவும் இல்லை, நம் கருவேலம்தான்! ஆனால் அப்படிக் கொடுத்தால் ஆஸ்திரேலியாவில் உள்ள ஏறத்தாழ 1,000 சிற்றினங்களுக்குப் புதுப் பெயர் வைக்க வேண்டும். அதனால் 2005இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில், வகைமாதிரியையே ஓர் ஆஸ்திரேலியச் சிற்றினத்துக்கு மாற்றினார்கள். அகேசியா என்ற பெயர் அங்கே போனதால், கருவேலம் உள்ள பிரிவுக்கு வசெலியா என்ற பெயர் வந்தது. பெரிய சண்டை. 2011இல் மெல்போர்ன் மாநாட்டிலும் அதே முடிவு நின்றது. விதியைவிட வசதி ஜெயித்தது என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனாலும் பலகையில் வசெலியா என்றுதான் எழுதுவேன்.

வேம்பின் கதை வேறு மாதிரி. லின்னேயஸ் வைத்தது மீலியா அசாடிராக்டா. பின்னர் வேம்பை அசாடிராக்டா என்ற தனிப் பேரினமாகப் பிரித்தபோது, இரண்டாம் சொல் கூடவே வந்தால் அசாடிராக்டா அசாடிராக்டா என்றாகிவிடும். விலங்குகளில் இப்படி வரலாம். கொரில்லாவின் அறிவியல் பெயரே கொரில்லா கொரில்லாதான். தாவரப் பெயரிடல் விதிகளில் இதற்கு இடமில்லை. அதனால் 1830இல் ஆட்ரியன் டி ஜுஸ்யூ வைத்த இண்டிகா நிலைத்துவிட்டது. நீங்கள் கேட்ட ஏ.ஜுஸ். அவர்தான். எல். என்றால் லின்னேயஸ். கருவேலத்துக்கு எல். அடைப்புக்குறிக்குள் இருக்கும், வெளியே வேறு இருவர் பெயர் இருக்கும். உள்ளே இருப்பவர் ‘நிலோடிகா’ வைத்தவர். வெளியே இருப்பவர்கள் இப்போதைய பேரினத்துக்கு மாற்றியவர்கள். பலகைக்கு இதெல்லாம் வேண்டாம். ஆனால் உங்கள் பதிவேட்டில் கண்டிப்பாக எழுதி வையுங்கள். ஒரே பெயரை இருவர் வெவ்வேறு செடிகளுக்கு வைத்த கதைகள் உண்டு. அப்போது ஆசிரியர் பெயர்தான் கைகொடுக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பெயரைச் சரிபார்ப்பதற்கு முன் மரத்தைச் சரிபாருங்கள். மீலியா அசெடராக் என்று ஒரு பெயர் உண்டு. மீலியா அசாடிராக்டா போலவே காதில் விழும், ஆனால் அது மலைவேம்பு என்று சொல்லப்படும் வேறு மரம். போதாததற்கு, மீலியா டூபியாவையும் மலைவேம்பு என்றே சொல்கிறார்கள். ஓர் இலையைப் பறித்துப் பாருங்கள். வேம்பில் ஒரே காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். மீலியாவில் அந்தக் காம்பு மறுபடி கிளை பிரிந்து, அதில்தான் சிற்றிலைகள் இருக்கும். பூத்திருந்தால் இன்னும் சுலபம்: வேம்பின் பூ வெள்ளை, அசெடராக்கின் பூவில் ஊதா. சீமைக்கருவேலமும் பெயரளவில்தான் கருவேலம். அதன் பேரினமே வேறு.

அப்புறம், மறுபடியும் மாறுமா என்றால், மாறலாம். புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருந்த அதே சீமைக்கருவேலம் 2022இல் நெல்டுமாவுக்குப் போய்விட்டது. அதனால் புதுப் பெயரைப் பெரிதாகவும், அதன் கீழே பழைய பெயரைச் சிறிதாகவும் போடுங்கள். பழைய புத்தகத்தோடு வருபவருக்கும் புரியும். லண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டம் நடத்தும் ‘பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்டு ஆன்லைன்’ தளத்தில் எந்தப் பழைய அறிவியல் பெயரைத் தட்டினாலும் இப்போது ஏற்கப்படும் பெயரைக் காட்டும். கட்டணம் இல்லை. பார்த்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குடும்பப் பெயரும் (நெருங்கிய பேரினங்களைச் சேர்த்த பெரிய தொகுதியின் பெயர்) போடுவதாக இருந்தால் குழம்ப வேண்டாம். கருவேலத்துக்கு ஃபேபேசி, லெகுமினோசே இரண்டுமே செல்லும். இப்படி இரட்டைப் பெயரை விதியே அனுமதித்த தாவரக் குடும்பங்கள் எட்டு உண்டு.

ரோமன் எழுத்தில் எழுதும்போது பேரினத்தின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. இண்டிகா, நிலோடிகா முழுக்கச் சிறிய எழுத்து, இரு சொற்களும் சாய்வாக. பலகை எழுதுபவர் அழகுக்காக எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் தீட்டிவிடுவார். அந்த நேரத்தில் மட்டும் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள்.