இரும்பும் கோரையும் சேர்ந்தால் சிற்பமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீட்டின் முன்கட்டைக் காட்சிக்கூடமாக மாற்றி, இளம் சிற்பி ஒருவரின் கலப்பு ஊடகச் சிற்பங்களை வைத்திருக்கிறார்கள். கலப்பையின் கொழு, சைக்கிள் சங்கிலி, பனைநார், புதிதாக வனைந்து உடைத்த தாழி, பத்தமடைப் பாய் என்று பலவற்றைச் சேர்த்து 12 உருவங்கள். மரச்சிற்ப வேலையில் 40 ஆண்டுகள் இருந்த என் தகப்பனாரையும் அழைத்துச் சென்றேன். "எல்லாம் கோத்து வைத்தது, செதுக்கியது ஒன்றுகூட இல்லையே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். இவற்றைச் சிற்பம் என்று சொல்வது தகுமா?
வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தங்கள் தகப்பனார் உளி பிடித்தவர் என்பதால், அவர் கண்ணில் முதலில் பட்டது சரியான வேறுபாடுதான். செதுக்குகிறவர் பொருளிலிருந்து வேண்டாததைக் கழித்துக்கொண்டே போகிறார். கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பாண்டியர் காலத்துத் தச்சர்கள் 8ஆம் நூற்றாண்டில் மலையின் மேலிருந்து கீழாக வெட்டி இறக்கினார்கள். அங்கே ஒட்டி வைத்த கல் கிடையாது. திருச்செந்தூர் சாலையிலுள்ள கிருஷ்ணாபுரம் கோயிலில், இளவரசியைத் தூக்கிச் செல்லும் குறவனின் விலாவைப் பாருங்கள். ஒரே கல் எலும்பாகவும் தோலாகவும் ஆடையாகவும் மாறி நிற்கிறது. அந்தத் தேர்ச்சியை அளவுகோலாக வைத்திருப்பவருக்கு ஒரு கொழுவைத் தாழியோடு சேர்த்துக் கட்டியது வேலையாகவே தோன்றாமல் போவது இயல்பு.

ஆனால் கூட்டிச் சேர்க்கும் சிற்பமும் நம் ஊரில் பழையதே. கோபுரத்துப் பொம்மைகள் செங்கல்லின் மேல் சுதை ஏற்றி வண்ணம் பூசியவை. நம் பக்கத்துச் சுடலைமாடன் கோயில்களில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பீடமே சாமி; கொடைவிழா நாளில் சந்தனமும் மாலையும் பட்டும் ஏறிய பிறகே அது நாம் கும்பிடும் உருவமாக நிறைவு பெறுகிறது. ஐரோப்பாவில் இது பெரிய சண்டையாகவே வெடித்தது. 1881இல் பாரிசில் ஓவியர் எட்கர் தெகா, மெழுகில் செய்த நாட்டியச் சிறுமியின் உருவத்துக்கு உண்மையான துணிப்பாவாடையும் தலைமுடியும் வைத்துக் காட்டியபோது, அது மருத்துவ அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டிய பொருள் என்று இகழ்ந்தவர்கள் உண்டு. சென்னைக் கலைக்கல்லூரியிலிருந்து வந்த பி.வி.ஜானகிராம், செப்புத் தகட்டைத் தட்டி வளைத்து, அதன் மேல் கம்பிகளைப் பற்றவைத்துச் சிற்பம் செய்தார். கோயில் கவசங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அவருடைய உருவங்கள் அன்னியமாகத் தோன்றுவதில்லை.

ஆகவே அவை சிற்பம்தான். ஆயினும் சிற்பம் என்று ஒப்புக்கொண்டதாலேயே 12ம் நல்ல சிற்பங்கள் ஆகிவிடா. நானும் அக்கண்காட்சிக்குப் போயிருந்தேன். இவ்வகைச் சிற்பத்தின் முன் நிற்கும்போது, என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்று எண்ணுவதை விட்டு, ஒரு பொருள் இன்னொன்றைத் தொடும் இடத்துக்குக் கண்ணைக் கொண்டுபோக வேண்டும் என்பது என் கருத்து. தாழியின் வாயில் கொழுவை நிறுத்தியிருக்கும் உருவத்தில், நனைத்துக் கட்டிய பனைநார் காய்ந்து இறுகி, இரும்பின் பாரம் முழுவதையும் தாங்குகிறது; நாரை அவிழ்த்தால் கொழு சரிந்துவிடும் என்பது பார்த்த உடனே விளங்குகிறது. அங்கே முடிச்சே சிற்பம். சைக்கிள் சங்கிலியால் ஆன பறவையிலோ கணுக்கணுவாகப் பசையைப் பூசி அசையாமல் நிறுத்தியிருக்கிறார்கள். வளைவதற்கென்றே செய்த சங்கிலியை விறைக்க வைத்தபின் அது சங்கிலியாக இருப்பதற்குக் காரணம் என்ன? தங்கள் தகப்பனாரை மறுபடி அழைத்துச் சென்று, அந்த நார்க்கட்டை மட்டும் காட்டுங்கள். மரத்தில் பொருத்து வேலை அறிந்தவர் அதை அலட்சியப்படுத்த மாட்டார்.

தாழியைப் பற்றியும் ஒரு சொல். ஆதிச்சநல்லூரின் பழங்கால இடுகாட்டில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த, இறந்தோரைப் புதைத்த தாழிகளோடு இரும்புக் கருவிகளும் வெண்கலக் கலங்களும் பொன் நெற்றிப்பட்டமும் கிடைத்தன. மண்ணையும் இரும்பையும் சேர்த்து வைக்கும்போது நம் வட்டாரத்து மனிதருக்கு அந்த நினைவு வராமல் இராது. சிற்பி புதுத் தாழி வனையச் செய்து உடைத்திருப்பது மிகவும் முறையான செயல். ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பறம்பிலிருந்து ஓர் ஓட்டுச்சில்லைக்கூட யாரும் எடுத்துவரக் கூடாது.

கேள்வி: அதே கண்காட்சியில் பத்தமடைப் பாயைக் குறுக்கே கத்தரித்து இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்து மனம் வலித்தது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பாய் நெய்கிறோம். இது மரியாதையா?
வாசகி, பத்தமடை

பதில்: தங்கள் வலி எனக்குப் புரிகிறது, அம்மா. கோரையை மெல்லிசாகக் கீறி, ஆற்று நீரில் ஊறவைத்து, காயவைத்து, நீளவாக்கில் கட்டிய நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்தவர்களுக்குக் கத்தரியின் சத்தமே போதும். என்றாலும், கத்தரித்த ஓரத்தில் பாவு நூல்கள் பிரிந்து தொங்குவதை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விரித்துப் படுக்கும் பாயில் கோரைக்குள் மறைந்தே கிடக்கும் அந்த நூல்தான் இவ்வளவையும் பிடித்து வைத்திருக்கிறது என்று, வெட்டு விழுந்த இடத்தில்தான் தெரிந்துகொண்டேன். வெட்டியதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். குறை சொல்ல வேண்டியது பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டைத்தான். அதில் "பாய், இரும்பு" என்று மட்டுமே இருந்தது. நெய்தவரின் பெயர் அங்கே இருந்தாக வேண்டும். இதைக் கூடத்தை நடத்துகிறவர்களிடம் நேரில் சொன்னேன், தாங்களும் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு சிறிய உருவத்தை வாங்க விரும்புகிறேன். வீட்டில் நெடுநாள் தாங்குமா?
வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கல்லைப்போல் தாங்காது. கோரையும் நாரும் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பூச்சி அரிக்கும். இரும்பின் துரு பக்கத்திலுள்ள நாரில் கறையாக இறங்கும். தெற்கே திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளின் மூலவர், மண்ணும் பிசினும் மூலிகைகளும் சேர்த்த கடுசர்க்கரைக் கலவையால் ஆன திருமேனி என்பதால், கல்திருமேனிக்குச் செய்வதுபோல் நீரால் அபிஷேகம் செய்வதில்லை. உருவம் எதனால் ஆனதோ, அதற்கேற்ற பேணல் வேண்டும் என்பதை அங்கே காலங்காலமாக அறிந்திருக்கிறார்கள். வாங்குமுன் சிற்பியிடம் என்னென்ன பொருள், எந்தப் பூச்சு, எந்தப் பசை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெயில் நேரே விழாத, சாரல் அடிக்காத உட்சுவரில் வையுங்கள். ஈரத்துணி வேண்டாம், உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். நார் தளர்ந்தால் தாமே முடிச்சுப் போட முயலாமல், செய்தவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள்.