மகன்ட விரல் உங்கட போன்ல என்ன செய்யுது? – பெற்றோர் கேள்வி, நம்ம பதில்

ஸ்கூல் லீவு விட்டா எனக்கு இன்பொக்ஸ் நிரம்பும், இந்த முறையும் அப்பிடித்தான். கேட்ட ஆக்கள்ட பேரை எடுத்திட்டன், ரெண்டு இடத்தில வயசையும் கொஞ்சம் மாத்தியிருக்கு. ஒரே மாதிரி வந்ததுகளைச் சேர்த்து ஒண்டாப் போட்டிருக்கன்.

தம்பி, மகன் ஆண்டு ஏழு. ஃப்ரீ ஃபயர் கேம்ல டயமண்ட் (கேமுக்குள்ள பாவிக்கிற காசு) வாங்கி இவர்ட கிரெடிட் கார்ட்ல 38,000 ரூபாய் போட்டுது. பாஸ்வேர்ட் ஒண்டும் நாங்க குடுக்கேல்ல. காசு திரும்ப வருமா? – வெள்ளவத்தை

அக்கா, முதல்ல ஒண்டு கேக்கிறன், அந்த போன்ல மகன்ட விரலையும் பதிஞ்சு வச்சிருக்கிறீங்களா? லொக் திறக்கிறதுக்கு ஒவ்வொரு தடவையும் கூப்பிடுறான் எண்டு முக்கால்வாசிப் பேர் பதிஞ்சு குடுத்திடுவினம், பிறகு அதே விரல் ப்ளே ஸ்டோர்ல காசு கட்டவும் "சரி" சொல்லும். செட்டிங்ஸ்ல ஃபிங்கர்பிரிண்ட் இருக்கிற இடத்துக்குப் போய்ப் பாருங்கோ, மூண்டு விரல் இருந்தா அந்த மூண்டாவது யார்ட எண்டு கண்டுபிடிக்க சி.ஐ.டி. வரத் தேவையில்ல.

காசு விசயம். வாங்கி 48 மணித்தியாலம் தாண்டேல்ல எண்டா உடனே கூகுள் ப்ளேல ரீஃபண்ட் கேளுங்கோ, வீட்டுப் பிள்ளை தெரியாம வாங்கிட்டுது எண்டு உள்ளதை அப்பிடியே எழுதுங்கோ. தாண்டிட்டா கேம் கொம்பனிக்குத்தான் எழுத வேணும், அது கஷ்டம், ஆனா எழுதிப் பாக்கிறதால நட்டம் ஒண்டும் இல்ல. ஐபோன் எண்டா அப்பிள்ட "ரிப்போர்ட் எ ப்ரொப்ளம்" பக்கம். தயவுசெய்து பேங்க்குக்கு எடுத்து "கார்ட்டைக் களவெடுத்திட்டாங்கள்" எண்டு மட்டும் சொல்லிடாதேங்கோ, பொய்யும் ஆகும், கூகுள் எக்கவுண்டும் முடங்கலாம்.

இனி நடக்காம இருக்க ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் கேக்கிற மாதிரி மாத்துங்கோ, அதிலேயே விரலால கட்டுற வசதியை ஒஃப் பண்ணுங்கோ, கார்ட்டை அந்த எக்கவுண்ட்ல இருந்து அழிச்சிடுங்கோ. போன் பில்லில சேர்க்கிற வழியும் அங்கதான் இருக்கும், அதையும் எடுத்துவிடுங்கோ.

அதோட இன்னொண்டு. கார்ட் பூட்டினா பிள்ளை அடுத்துப் போறது பேஸ்புக்ல "மலிவு டயமண்ட்" விக்கிற ஆக்களிட்டத்தான். ஃப்ரீ ஃபயருக்கு டொப்-அப் போட ப்ளேயர் ஐடி நம்பர் காணும். பாஸ்வேர்ட் கேக்கிறவன் எக்கவுண்டை எடுக்கத்தான் கேக்கிறான், இதை மகனுக்குச் சொல்லி வையுங்கோ, அம்மா சொன்னா எண்டு கேக்காட்டியும் எக்கவுண்ட் போயிடும் எண்டா கேப்பான்.

பேர் போட வேண்டாம். மகளுக்கு 14. இன்ஸ்டாகிராம்ல பழகின ஒருத்தன்கிட்ட ஒரு போட்டோ அனுப்பியிருக்கா, இப்ப அவன் இன்னும் அனுப்பு, இல்லன்னா ஸ்கூல் பிள்ளைங்களுக்கெல்லாம் போடுவேன்னு மிரட்டுறான். என்ன செய்றதுன்னே விளங்கல. – கொட்டாஞ்சேனை

அண்ணா, மகள் உங்களிட்ட சொன்னாளா, நீங்களாக் கண்டீங்களா எண்டு எழுதேல்ல. சொன்னா எண்டா, பாதி வேலை முடிஞ்சுது. எப்பிடி எண்டாலும் இண்டைக்கு அடிக்காதேங்கோ, போனைப் பறிக்காதேங்கோ, "ஏன் அனுப்பினாய்" எண்ட விசாரணையைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்கோ. அவன்ட முழு ஆயுதமும் "அப்பாக்குத் தெரிஞ்சா கொண்டுடுவார்" எண்ட பயம்தான். உங்களுக்குத் தெரிஞ்சும் ஒண்டும் நடக்கேல்ல எண்டு பிள்ளை கண்டா அவன் கையில மிச்சம் பெரிசா ஒண்டும் இல்ல.

காசும் குடுக்க வேண்டாம், இன்னொரு படமும் வேண்டாம், கெஞ்சி மெசேஜும் வேண்டாம். குடுத்தவன் திரும்பத் திரும்பக் குடுத்துக்கொண்டே இருப்பான், இது எல்லா இடத்திலயும் ஒரே கதைதான். கோவத்தில அந்த மெசேஜுகளை அழிச்சிடாதேங்கோ, அதுதான் சாட்சி. மிரட்டினதையும் அவன்ட ப்ரொஃபைல் பேரையும் லிங்க்கையும், காசு கேட்டிருந்தா அந்த எக்கவுண்ட் நம்பரையும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வச்சிட்டு, இன்ஸ்டாகிராம்ல ரிப்போர்ட் பண்ணி, அதுக்குப் பிறகு ப்ளொக் பண்ணுங்கோ. ஒழுங்கு மாறினா பிறகு தேடி எடுக்கிறது பெரிய பாடு.

பிறகு 1929க்கு எடுங்கோ. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைட நம்பர், காசில்ல, ராத்திரியிலயும் எடுக்கலாம், தமிழ்ல கதைக்கலாம். எக்கவுண்ட் ஹேக் ஆன மாதிரி டெக்னிக்கல் விசயம் இருந்தா ஸ்ரீ லங்கா சேர்ட் (CERT, கணினி அவசர உதவிக் குழு), நம்பர் 101. "போலிஸ் எண்டு போனா பிள்ளைட பேர் கெட்டுடும்" எண்டு கனபேர் நிக்கிற இடம் இதுதான், எனக்கு அந்தப் பயம் விளங்குது, ஆனா 18க்குக் கீழ உள்ள பிள்ளைட ஆபாசப் படம் சம்பந்தப்பட்டது தண்டனைச் சட்டக்கோவைட 286ஏ பிரிவில குற்றம், குற்றவாளி அவன்தான்.

இதில ஒரு முக்கியமான விசயம் இருக்கு, ஆத்திரத்தில மாமாக்கு, சித்தப்பாக்கு "இதைப் பாருங்கோ" எண்டு அந்தப் படத்தை ஃபோர்வர்ட் பண்ணிடாதேங்கோ. உதவி கேக்கிறதுக்கு அந்தப் படமே தேவையில்ல, மிரட்டின மெசேஜ் காணும்.

படம் வெளியில போயிடுமோ எண்ட பயத்துக்கு "டேக் இட் டவுன்" எண்டு ஒரு இலவச சேவை இருக்கு, அமெரிக்காவில காணாமல்போன, சுரண்டப்பட்ட சிறுவருக்கான தேசிய நிலையம் 2023ல தொடங்கினது, 18க்குக் கீழ எடுத்த படங்களுக்கு. படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்ல, மகள்ட போனிலயே அந்தப் படத்துக்கு ஒரு குறியீட்டு இலக்கம் உண்டாகும், அது மட்டும்தான் போகும், அதை வச்சு இன்ஸ்டாகிராம், பேஸ்புக், டிக்டொக் மாதிரி இதில சேர்ந்த தளங்கள் அதே படம் ஏறினாக் கண்டுபிடிச்சுத் தூக்கும். வட்ஸ்அப்ல தனிப்பட்ட முறையில அனுப்பினா இதுக்குத் தெரியாது, அதையும் சொல்லத்தான் வேணும்.

பிள்ளையை ரெண்டு மூண்டு நாளைக்கு ராத்திரியில தனிய விடாதேங்கோ. பக்கத்தில படுங்கோ, காரணம் சொல்லத் தேவையில்ல.

எட்டு வயசு மகள் ரொப்லொக்ஸ் விளையாடுறா. யாரோ ஃப்ரீ ரோபக்ஸ் (அந்தக் கேம் காசு) தாறன், வட்ஸ்அப் நம்பர் தா எண்டு கேட்டிருக்கினம். கேமையே அழிக்கவா? – தெஹிவளை

அழிக்கலாம், அடுத்த வீட்டுப் பிள்ளைட டெப்ல விளையாடுவா, அங்க நீங்க இல்ல. ரொப்லொக்ஸ் ஒரு கேம் இல்ல அக்கா, சந்தை மாதிரி, யார் யாரோ செய்து வச்ச ஆயிரக்கணக்கான கேம் உள்ளுக்க இருக்கு, நல்லதும் இருக்கு கூடாததும் இருக்கு. உங்கட பேரில ஒரு பெற்றோர் எக்கவுண்ட் திறந்து மகள்டையோட இணையுங்கோ, யாரோட கதைக்கலாம், எந்த வயசு கேம், மாசம் எவ்வளவு செலவு எல்லாம் உங்கட போன்ல இருந்தே கட்டுப்படுத்தலாம். மகள் எக்கவுண்ட் திறக்கேக்க பிறந்த வருசத்தை மாத்தி வயசைக் கூட்டிப் போட்டிருக்காவா எண்டு முதல் பாருங்கோ, பிழையா இருந்தா மிச்ச செட்டிங்ஸ் எல்லாம் வீண்.

ஃப்ரீ ரோபக்ஸ் எண்டு யாரும் தாறேல்ல. அதைவிட மகளுக்கு ஒரே ஒரு விசயம் சொல்லிக் குடுத்தா காணும்: கேமில கண்ட ஆள் "வேற ஆப்புக்கு வா" எண்டா அம்மாட்ட ஓடி வா.

பேரனுக்கு மூண்டு வயசு, போன் காட்டினாத்தான் சோறு இறங்குது. – ஒரு அம்மம்மா, பம்பலப்பிட்டி

உலக சுகாதார நிறுவனம் அந்த வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம் எண்டு சொல்லுது, குறைஞ்சா இன்னும் நல்லம். ரெண்டு மூண்டு நாள் சாப்பாட்டு நேரம் அழுவார் அம்மா, அழட்டும். மகளோட முதலே கதைச்சு வையுங்கோ, நீங்க மறைக்க அவ குடுத்தா சரிவராது.

ஓ.எல். எடுத்த மகன் விடிய மூண்டு மணி வரைக்கும் பப்ஜி. அடிக்ஷனா? – வத்தளை

உங்கட வீட்டு டேட்டா பெக்கேஜைப் பாருங்கோ. நடுச்சாமத்துக்குப் பிறகு நைட் டேட்டா தனியாக் குடுக்கிற பெக்கேஜ்தானே கனபேரிட்ட, பகல்ல டேட்டா முடிஞ்சா பிள்ளை எப்ப விளையாடும்? கொஞ்சம் பகல் டேட்டா கூடின பெக்கேஜுக்கு மாறி, ரவுட்டர்ல 11 மணிக்கு அவர்ட போனை நிப்பாட்டினா பாதிப் பிரச்சினை சண்டையில்லாம முடியும்.

அடிக்ஷன் எண்ட சொல்லை அவசரப்பட்டுப் போடாதேங்கோ. உலக சுகாதார நிறுவனத்தின்ட நோய்ப் பட்டியல் ஐ.சி.டி. 11ல கேமிங் நோய் எண்டு ஒண்டு இருக்கு, 2022ல இருந்து நடைமுறையில, ஆனா விளையாட்டைக் கட்டுப்படுத்த ஏலாம, படிப்பு, சாப்பாடு, சிநேகிதர் எல்லாம் கெட்டும் விடாம, பொதுவா ஒரு வருசமாவது இருக்கவேணும். சோதனை முடிஞ்ச லீவில ரெண்டு மாசம் விடிய விடிய விளையாடுறது அது இல்ல. குளிக்கிறார், கிரிக்கெட்டுக்குப் போறார் எண்டா விடுங்கோ. அதெல்லாம் நிண்டுட்டுதெண்டா டொக்டரைக் காட்டுங்கோ.

அண்ணா, எனக்கு 16. அம்மா எனக்குத் தெரியாம என்ட வட்ஸ்அப் வாசிக்கிறா எண்டு நினைக்கிறன். இது சரியா? – கொழும்பு 13

பெற்றோர் பகுதிக்கு நீ எழுதினதே நல்ல விசயம் தம்பி. என்ட அபிப்பிராயம், 8 வயசுப் பிள்ளைட போனைப் பாக்கிறது அம்மாட கடமை, 16 வயசில பாக்கிறதெண்டா சொல்லிட்டுப் பாக்க வேணும், ஒளிச்சுப் பாத்தா நீயும் ஒளிக்கப் பழகுவாய், ரெண்டாவது எக்கவுண்ட் திறப்பாய், அதில ஏதும் பிழைச்சா யாரிட்டயும் சொல்ல மாட்டாய். அம்மாவும் இதை வாசிச்சா எனக்கு எழுதட்டும், அவவுக்கு என்ன பயம் எண்டு தெரியேல்ல.

வட்ஸ்அப் செட்டிங்ஸ்ல "லிங்க்ட் டிவைசஸ்" எண்டு ஒரு லிஸ்ட் இருக்கும், உன்ட சேட் வேற எங்க திறந்திருக்கு எண்டு காட்டும். அம்மாட லெப்டொப் இருந்தா உடனே லொக் அவுட் அடிக்காத, முதல்ல போய்க் கதை. வீட்டில யாருக்கும் தெரியாத டிவைஸ் ஒண்டு இருந்தா கதைக்கிற வேலையில்ல, அப்பவே லொக் அவுட் பண்ணிட்டு டூ-ஸ்டெப் PIN நம்பரையும் போடு.