வெறும் 999

கேள்வி: பள்ளியில் அணியிலக்கணம் படித்ததால் மதிப்பெண் தவிர என்ன பயன்? இன்றைய விளம்பரங்கள் எல்லாம் வெறும் வாய்ஜாலம்தானே?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: 'வெறும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை விட எனக்கு மனமில்லை. வெறும் சோறு என்றால் குழம்பில்லாதது. வெறுங்கை என்றால் ஒன்றும் கொண்டுவராத கை. வெறும் வயிறு, வெறுங்கால் என்று எங்கே வந்தாலும் இல்லாமையைச் சொல்கிற சொல் அது. அதே சொல் துணிக்கடைப் பலகையில் 'வெறும் 999 ரூபாய்' என்று ஏறியதும், நம் பையிலிருந்து போகிற 999 ரூபாய் ஒன்றுமில்லாததாகிவிடுகிறது. 'விலை 999 ரூபாய்' என்று மட்டும் எழுதியிருந்தால் பர்ஸைத் திறக்கும் கை ஒரு நொடி நின்றிருக்கும். அந்த நொடியைப் பறிக்கத்தான் இந்த மூன்றெழுத்து. 'சொல்லுக சொல்லைப் பிறிதோர்சொல் அச்சொல்லை வெல்லுஞ்சொல் இன்மை அறிந்து' என்ற குறளைப் பலகை எழுதியவர் நம்மைவிட நன்றாகப் படித்திருக்கிறார்.

சரி, அணிக்கு வருகிறேன். 'தீயினாற் சுட்டபுண்' குறளை வேற்றுமை அணிக்கு எடுத்துக்காட்டாக எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். தீயும் சுடும், நாவும் சுடும் என்று முதலில் சேர்த்துவிட்டு, ஒன்று ஆறும், மற்றது ஆறாது என்று அப்புறம் பிரிப்பது. சலவைத்தூள் விளம்பரத்தைப் பாருங்கள். இரண்டு சட்டை, இரண்டிலும் ஒரே கறை. ஒன்றைச் 'சாதாரண' தூளிலும் மற்றதை அவர்கள் தூளிலும் முக்குகிறார்கள். அச்சு அசல் வேற்றுமை அணி! ஆனால் வள்ளுவர் ஒப்பிட்ட தீயையும் நாவையும் நமக்குத் தெரியும். அந்தச் 'சாதாரண' தூள் எது? பெயரே இல்லாத ஒன்றை ஜெயிப்பதில் என்ன பெருமை? ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை டிவி முன்னால் உட்கார்ந்து இதைக் கேட்டால், அதுதான் நீங்கள் கேட்ட பயன்.

தமிழாசிரியர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்குள்ள பழைய சண்டையும் இதுதான். அணியைச் செய்யுளில் மட்டும் தேடச் சொல்லாதீர்கள். ஆடித் தள்ளுபடி நோட்டீஸையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். பவணந்தியார் எழுதிய இலக்கண நூலான நன்னூல், ஒரு நூலில் இருக்கக் கூடாதென்று சொல்லும் பத்துக் குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல், அதாவது சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. '199 ரூபாய் முதல்' என்பதில் 199 ஆள் உயரத்துக்கும் 'முதல்' எறும்பு அளவுக்கும் இருக்கிறதே, அது குன்றக் கூறலேதான். விளம்பரத்தின் மறுப்புக் குறிப்பை, அதாவது நிபந்தனை சொல்லும் 'டிஸ்க்ளெய்மரை', முதன்மை வாசகத்தின் மொழியிலும் அதே எழுத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி போட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பவணந்தியார் நூலுக்குச் சொன்னது நோட்டீஸுக்கும் வந்து சேர இத்தனை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

ஆனால் விற்பவர் பேச்சு எல்லாமே ஜாலம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேட்பவரை இணங்க வைப்பதில், சொல்பவர்மேல் அவருக்கு வரும் நம்பிக்கைதான் ஏறக்குறைய எல்லாவற்றையும்விட வலுவானது என்று அரிஸ்டாட்டில் எழுதினார். எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் அம்மா ஒருநாள் என் கையிலிருந்த கட்டை வாங்கிக் கூடையில் திரும்பப் போட்டார். "அரைக்கீரை இன்னிக்கு முத்தலா இருக்கு சார், சிறுகீரை எடுத்துக்குங்க" என்றார். அன்றிலிருந்து அவர் தரும் கட்டை நான் பிரித்துப் பார்த்ததில்லை.