தவளை லூருக்கு எந்த நிறம்? பாஸ் பிடிப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பாஸ் மீனுக்குத் தவளை லூர், அதாவது தூண்டிலில் மாட்டும் செயற்கைத் தவளை, போடுவது பற்றி, அதிலும் நிறம் பற்றி, நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். நான் பேசப்போவது லார்ஜ்மவுத் பாஸ் என்ற பெரிய வாய் கொண்ட நன்னீர் மீன் பற்றி. லூர் என்றால் உள்ளே காலியாக, இரட்டைக் கொக்கி முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும் மெத்தென்ற ரப்பர் தவளை.

கேள்வி: அண்ணா, பெட்டியில் பதினாறு நிறத்தில் தவளை இருக்கிறது. தண்ணீர் ஓரம் போனதும் எதை எடுப்பது என்று குழம்பி நிற்கிறேன். மூன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைப்பீர்கள்?

கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, முதுகு பச்சையோ பழுப்போ இருந்து வயிறு வெளிர்மஞ்சளாக இருப்பது ஒன்று. மற்ற பதின்மூன்றையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நிற்கிற நேரத்தில் பத்துத் தடவை வீசிவிடலாம், அதுதான் மீன் பிடிக்கும்.

கேள்வி: முதுகில் புள்ளி, வரி, தோல் மடிப்பு எல்லாம் நிஜத் தவளை மாதிரியே வரைந்த லூர்கள் வருகின்றன. மீன் அதையெல்லாம் பார்க்குமா?

பார்க்காது. மீன் கீழே இருக்கிறது, தவளை மேலே மிதக்கிறது, அதற்குத் தெரிவது வயிறும் தொங்குகிற கால்களும்தான். முதுகு உங்களுக்கு, வயிறு மீனுக்கு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வருகிற பதில்கள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. தண்ணீருக்குள் இருந்து அண்ணாந்து பார்த்தால் வெளி உலகம் முழுக்கத் தெரியாது. தலைக்கு மேலே ஒரு வட்டம் மட்டும்தான் ஜன்னல் மாதிரி திறந்திருக்கும், ஏறத்தாழ 97 டிகிரி விரிவு. ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனுக்கு அந்த வட்டம் மேற்பரப்பில் இரண்டேகால் மீட்டர் அகலம் வரும். அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் கண்ணாடி போல ஆகிவிடுகிறது, அதில் குளத்தின் அடியும் இருண்ட தண்ணீரும்தான் பிரதிபலிக்கும்.

இப்போது உங்கள் தவளையை அங்கே வையுங்கள். அது வட்டத்துக்கு வெளியே, தூரத்தில் வரும்போது பின்னணி இருட்டு. அதனால் வெள்ளை, மஞ்சள் வயிறு பளிச்சென்று எடுத்துக்காட்டும். அதுவே மீனின் தலைக்கு மேல் வந்துவிட்டால் பின்னணி வானம், அது எப்போதும் வெளிச்சம். அங்கே எந்த நிறமும் நிழலுருவாகத்தான் தெரியும், அதில் கறுப்புதான் மிகத் தெளிவாக விழும். ஆக, மீன் உங்கள் தவளையை எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப்போகிறது என்பதை முதலில் யோசியுங்கள், நிறம் தானாக வந்துவிடும். தெளிந்த தண்ணீரில் தூரத்திலிருந்தே பார்த்துவிடும், அங்கே வெளிர் வயிறு. கலங்கல் தண்ணீரில் தலைக்கு மேல் வரும் வரை தெரியவே தெரியாது, அங்கே கறுப்பு.

கேள்வி: விடியற்காலையிலும் அந்தியிலும் கறுப்பு போடு என்கிறார்கள். இருட்டில் கறுப்பு எப்படித் தெரியும்? தலைகீழாக இல்லையா?

கரையில் நின்று பார்க்கும் உங்களுக்குத் தலைகீழாகத்தான் இருக்கும். மீன் வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்க்கிறது. எவ்வளவு இருட்டினாலும் வானம் தண்ணீரை விட வெளிச்சம்தான். அந்த மங்கல் நேரத்தில் மீனின் கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் ஒதுங்கி, வெளிச்சம் இருட்டு மட்டும் அறியும் கோல் செல்கள் முன்னுக்கு வந்துவிடுகின்றன. நிறம் என்ற பேச்சே அங்கே இல்லை, உருவம் எவ்வளவு அழுத்தமாக விழுகிறது என்பதுதான் கணக்கு. இரவில் போடுகிறவர்களும் கறுப்பைத் தாண்டி யோசிக்க வேண்டாம். மப்பும் மந்தாரமுமான நாளிலும் நான் கறுப்பில்தான் ஆரம்பிப்பேன்.

கேள்வி: பாஸுக்கு நிறமே தெரியாது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

இல்லை. அதன் கண்ணில் இரண்டு வகைக் கூம்புச் செல்கள் இருக்கின்றன, ஒன்று பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு. 2019ல் இல்லினாய் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நிறத்தை உணவோடு பழக்கிப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. சிவப்பையும் பச்சையையும் பாஸ் நன்றாகப் பிரித்து அறிந்தது, ஆனால் வெளிர்பச்சை கலந்த அந்தப் பளீர் மஞ்சளை, அதாவது ஷார்ட்ரூஸை, வெள்ளையிலிருந்து பிரிக்கத் தடுமாறியது. நீலத்துக்கும் கறுப்புக்கும் அதே தடுமாற்றம்.

இதில் நமக்கு வேலைக்கு ஆகும் விஷயம் என்னவென்றால், வெள்ளைத் தவளையை மீன் அடிக்கவில்லை என்று ஷார்ட்ரூஸ் தவளையை மாட்டினால் மீனைப் பொறுத்தவரை நீங்கள் பெரிதாக எதையும் மாற்றவில்லை. கறுப்பிலிருந்து கருநீலத்துக்குப் போவதும் அப்படித்தான். மாற்றுவதென்றால் வெளிரிலிருந்து இருட்டுக்கு, இருட்டிலிருந்து வெளிருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: தண்ணீரே தெரியாத அளவுக்குப் பாசி மூடிக்கிடக்கிறது. அதன் மேல் எந்த நிறம்?

உங்கள் கண்ணுக்கு எது நன்றாகத் தெரிகிறதோ அது. மெய்யாகவே சொல்கிறேன். அடர்ந்த பாசிக்கு அடியில் இருக்கும் மீன் தவளையைப் பார்ப்பதில்லை, பாசி அமுங்கி அசைவதைத்தான் உணர்கிறது, நடுநடுவே ஓட்டை இருந்தால் ஒரு நிழல் கடப்பதைப் பார்க்கும். அங்கே நிறத்தை விட எடை முக்கியம். உள்ளே இரண்டு மூன்று ஈயக் குண்டு போட்டால் பாசி நன்றாக அமுங்கும், சத்தமும் வரும். பச்சைப் பாசி மேல் பச்சைத் தவளையை வைத்துவிட்டு அது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தால், மீன் அடித்ததா பாசி மட்டும் எகிறியதா என்று தெரியாமலே ராடை, அதாவது தூண்டில் கம்பை, வெட்டி இழுப்பீர்கள். அதனால் முதுகு மஞ்சளோ வெள்ளையோ இருக்கட்டும்.

கேள்வி: அல்லி இலை நடுவே, ஓரளவு தெளிந்த தண்ணீர். நல்ல வெயில். அங்கே?

இங்கேதான் நிறத்துக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது. மீன் நின்று நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கும் இடம். மூன்றாவது தவளையை எடுங்கள், வெளிர்மஞ்சள் வயிறு. நிஜத் தவளைகளைப் பிடித்துப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? முதுகு என்ன நிறமாக இருந்தாலும் பெரும்பாலும் வயிறு வெளுத்துத்தான் இருக்கும், சில வகைகளில் ஆண் தவளையின் தொண்டை நல்ல மஞ்சள்.

இன்னொன்று, பாஸ் அதைத் தவளை என்று நினைத்துத்தான் அடிக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். பாஸுக்கு இரையாகும் ஷாட் என்ற சிறு மீன்கள் விடியலில் கரையோரச் செடிகளில் முட்டையிடும் காலத்தில் வெள்ளைத் தவளை அவற்றைப் போலத்தான் தெரியும். அதேபோல் இரையாகும் புளூகில் என்ற மீன்கள் ஆழமில்லாத இடத்தில் குழிபறித்து முட்டையிடும்போது மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த வயிறு கைகொடுக்கும். அந்தந்த வாரம் தண்ணீரில் எது நிறைய ஓடுகிறது என்று கரையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

கேள்வி: காலையிலிருந்து ஆறு தடவை தண்ணீர் வெடித்தது, ஒன்றுகூடக் கொக்கியில் ஏறவில்லை. நிறத்தை மாற்றட்டுமா?

முதலில் வேண்டாம். மேலே வந்து அடிக்கிறது என்றால் நிறம் அதற்குப் பிடித்திருக்கிறது. சத்தம் கேட்டதும் பதறி இழுக்கிறீர்களா என்று பாருங்கள், கயிற்றில் பாரம் தெரிந்த பிறகு இழுங்கள். இதற்கு ஒன்றிரண்டு நொடி ஆகும், அந்த ஒன்றிரண்டு நொடி பொறுப்பதற்கு எனக்கே பல மாதம் பிடித்தது. அடுத்து, கால்களைக் கொஞ்சம் கத்தரித்துவிடுங்கள், நீளமாக இருந்தால் மீன் கால் நுனியை மட்டும் கவ்வும். கொக்கி முனைகளைக் குறடால் ஒரு நூல் அளவு வெளியே வளைத்துவிடுங்கள். 50 அல்லது 65 பவுண்டு தாங்கும் பிரெய்டும் (பின்னிய தூண்டில் நூல்) விறைப்பான 7 அடி ராடும் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் பாசிக்குள் கொக்கி ஏறாது.

இத்தனையும் சரி, இன்னும் தவறுகிறது என்றால் வெளிரிலிருந்து கறுப்புக்குப் போங்கள். தலைக்கு மேல் வந்த நேரத்தில் உருவம் தெளிவாகத் தெரிந்தால் குறி தப்புவது குறையும் என்பது என் அனுபவம்.

கேள்வி: சிவப்பு தண்ணீரில் மறைந்துவிடும் என்கிறார்களே, அப்படியானால் சிவப்புத் தவளை வீண்தானே?

ஆழத்தில்தான் மறையும். தவளை மிதப்பது மேற்பரப்பில், அங்கே எல்லா நிறமும் இருக்கிறது. மீனுக்குச் சிவப்பு நன்றாகத் தெரியவும் தெரியும். போடலாம், நான் அதை இருண்ட நிறமாக வைத்துப் பயன்படுத்துவேன்.

கேள்வி: புதிதாக வாங்காமல் இருக்கிற தவளையின் நிறத்தை மாற்ற முடியுமா அண்ணா?

தாராளமாக. அழியாத மை மார்க்கர் போதும். வெள்ளைத் தவளை ஒன்று கையில் இருந்தால் வயிற்றை மட்டும் கறுப்பாக்கி, முதுகை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். மீனுக்குக் கறுப்பு, உங்களுக்கு வெள்ளை, அந்தி நேரத்தில் இதை விட வசதியானது எதையும் நான் பார்த்ததில்லை. பூசுவதற்கு முன் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாமல் துடைத்து, பூசிய பிறகு ஒரு இரவு காயவிடுங்கள். நாளடைவில் தேயும், மறுபடி பூச வேண்டியதுதான்.

கேள்வி: விராலுக்கும் இதே கணக்குதானா?

வயிறு, வானம், கலங்கல் எல்லாம் அதே கணக்கு. ஆனால் விராலுக்குப் பல் கூர்மை, நல்ல தவளையை ஒரே நாளில் ஓட்டையாக்கி உள்ளே தண்ணீர் ஏற்றிவிடும். பார்த்துப் பார்த்துப் பூசிய தவளையை அதற்குப் போடாதீர்கள்.

கேள்வி: பெட்டியில் வைத்திருந்த வெள்ளைத் தவளை ஒட்டிப் பிசுபிசுத்து, பக்கத்தில் இருந்த நிறமும் ஏறிவிட்டது. ஏன்?

மென்ரப்பர் புழுக்களோடு சேர்த்து வைத்திருப்பீர்கள். புழுவை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் கசிந்து மற்ற ரப்பரைக் கரைக்கும், சாயத்தையும் கடத்தும். தவளைகளைப் பெட்டியின் தனி அறையில், இருண்டது ஒரு பக்கம் வெளிர் ஒரு பக்கம் என்று வையுங்கள். உள்ளே தங்கிய தண்ணீரைப் பிழிந்து, வயிறு மேலே பார்க்கக் காயவைத்த பிறகே மூடியைப் போடுங்கள்.