வாகனத் தொழிலில் வேலை: கேள்வி பதில்

அம்பத்தூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐடிஐ ஃபிட்டர் முடித்த தம்பிக்கு ஒரகடத்தில் வேலை வாங்கித் தர ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா சார்?

பதில்: கொடுக்காதீர்கள். ஆள் தேவைப்படும் கம்பெனி ஆளிடம் பணம் கேட்காது.

கேள்வி: ஒரு கார் ஆலையில் சில ஆயிரம் பேர்தானே வேலை செய்கிறார்கள்? இதற்கா இவ்வளவு நிலமும் சலுகையும்?

பதில்: கேட்டுக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தோன்றும். இருக்கையை எடுத்துக்கொள்ளுங்கள்: அதைச் செய்து தரும் கம்பெனிக்காரர்கள், ஆலையில் வண்டி பூட்டும் லைனில் எந்த நிற வண்டிக்குப் பின் எந்த நிற வண்டி வருகிறதோ அந்த வரிசையிலேயே அடுக்கி, கையிருப்பு வைக்காமல், வேன் வேனாக அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். லைன் ஒரு ஷிப்ட் நின்றால் இருக்கை உறை தைக்கும் பெண்களுக்கும் அன்றே வேலை இல்லை. இருக்கை கம்பெனிக்கு நுரை மெத்தை கொடுப்பவர், அச்சு வார்ப்பவர், லாரி ஓட்டுபவர் என்று கணக்கு நீண்டுகொண்டே போகும். பாடியிலும் அம்பத்தூரிலும் உள்ள பட்டறைகள், 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ கார் வெளிவருவதற்கு வெகு காலம் முன்பே, எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலையின் லாரிகளை நம்பி வளர்ந்தவை.

கேள்வி (அவரே): வளர்ந்தது கம்பெனி, தொழிலாளிக்கு என்ன மிஞ்சியது? ஃபோர்டு போனபோது பார்த்தோமே?

பதில்: இதில் உங்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022இல் மறைமலைநகரில் உற்பத்தியை நிறுத்தினார்கள். சங்கம் இழப்பீடு பேசியது நிரந்தரத் தொழிலாளிக்காக. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கும், உதிரிபாகம் கொடுத்த சிறு பட்டறையின் ஆளுக்கும் அந்த மேசையில் நாற்காலி இல்லை. 2019இல் விற்பனை சரிந்தபோதும் முதலில் வீட்டுக்குப் போனவர்கள் அவர்களே. ஆனால் ஆலையே வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு கட்டுவதை ஏற்க மாட்டேன். சம்பளச் சீட்டில் முதலாளியாக யார் பெயர் இருக்கிறது என்பதல்லவா இங்கே கேள்வி? மூன்று ஆண்டு ஒரே லைனில் நின்றவரின் சீட்டில் மூன்று ஒப்பந்தக்காரர்களின் பெயர்கள் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: டிப்ளமோ முடித்திருக்கிறேன். ஏஜென்சி 15,000 கேட்கிறது.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அப்ரெண்டிஸாக ஓராண்டு முடித்தால் நிரந்தரம் ஆகுமா?

பதில்: 1961ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டப்படி சேர்ந்திருந்தால் உங்களுக்கு வருவது உதவித்தொகை, அதில் பிஎஃப் பிடிக்க மாட்டார்கள், உங்களை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. சான்றிதழை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கேள்வி: மின்சார வண்டி வந்தால் பட்டறைகள் என்ன ஆகும்?

பதில்: பிஸ்டன், கிளட்ச், சைலன்சர் செய்பவர் கவலைப்பட வேண்டும். பிரேக், சக்கரம், இருக்கை செய்பவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

கேள்வி: எந்தக் கார் வாங்கலாம்?

பதில்: ஷோரூமில் கேளுங்கள்.

கேள்வி: ஏஜென்சிக்குப் பணம் கொடுத்துவிட்டேன் சார். இப்போது போனை எடுப்பதில்லை.

பதில்: பணம் அனுப்பிய வங்கி விவரத்தையும் அவர் அனுப்பிய செய்திகளையும் அச்செடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே காவல் நிலையத்துக்குப் போங்கள், புகாருக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.