கிணறு கேள்வி - பதில்: ஸ்பேனருக்கு முன் காது

கேள்வி: ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் வேகமாக வருகிறது. பத்து நிமிடத்தில் காற்றும் தண்ணீருமாகத் துப்புகிறது. மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள். வருஷக்கணக்கில் மோட்டார் ஏற்றி இறக்கும் நானே இந்த அவசரத்தால் ஒருமுறை அசிங்கப்பட்டிருக்கிறேன். தண்ணீர் குறைவாக வருகிறது என்று ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். போன வேகத்தில் ‘மோட்டார் போச்சு’ என்று சொல்லிப் புதுசை இறக்கிவிட்டேன். போட்டுப் பார்த்தால் அதே ஒல்லித் தண்ணீர்! மறுபடி உருவினோம். மூன்றாவது பைப்பின் மரைக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேலே ஏற வேண்டிய தண்ணீர் அங்கேயே பீய்ச்சியடித்துக் கிணற்றுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடும்போது கேசிங் (கிணற்றின் மேல்பகுதியில் இறக்கியிருக்கும் வெளிக்குழாய்) வாயில் ஒரு நிமிடம் காதை வைத்திருந்தால் ‘சர்ர்’ என்ற சத்தம் கேட்டிருக்கும். அன்றிலிருந்து பெட்டியைத் திறக்கும் முன் காதைத்தான் வைக்கிறேன்.

உங்கள் வீட்டுக் கதை வேறு. சந்தேகம் தீர ஒரு வாளி எடுத்துக்கொள்ளுங்கள். போட்டவுடன் வாளி நிரம்ப எத்தனை வினாடி, பத்து நிமிடம் கழித்து எத்தனை வினாடி என்று பாருங்கள். முதலிலிருந்தே ஒரே மாதிரி மந்தம் என்றால் பைப் ஓட்டை, இல்லாவிட்டால் இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம், தேய்ந்திருக்கும். நன்றாக வந்து பிறகு தளர்ந்தால் ஊற்று ஈடுகொடுக்கவில்லை, நீர்மட்டம் பம்பு வரை இறங்கிவிடுகிறது. இதற்குப் போய்ப் பெரிய மோட்டார் போட்டால் இன்னும் சீக்கிரம் காற்று வாங்கும். அவ்வளவுதான்.

காற்று வருவதற்கு முன்பே நிறுத்தி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு மறுபடி ஓட்டுங்கள். நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுற்றியுள்ள தண்ணீர்தான் குளிர்ச்சி. வெறுமனே ஓடினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும். தண்ணீர் இல்லாதபோது தானே அணைக்கும் டிரை ரன் கருவியைப் பேனலில் பொருத்திவிடுங்கள். அப்புறம், ஆழ்துளைக்குள் ஆழம் மிச்சமிருந்தால் பம்பை இன்னும் கீழே இறக்க முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: பிடிக்கும்போது தெளிவாக இருக்கும் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் செம்மஞ்சளாகிறது. பைப் துருவா?

பெரும்பாலும் இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்புக்கு நிறம் கிடையாது. காற்றுப் பட்டதும் துருவாக மாறி அடியில் படியும். கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்துப் பாருங்கள், முதலில் கலங்கும், பிறகு அடியில் செம்பொடி தங்கும். காற்றோட்டம் கொடுத்துப் படியவைத்து வடிகட்டினாலே நிறைய குறையும். ஃபிளஷ் தொட்டிக்குள் வழுவழுவென்று செந்நிறப் பாசி மாதிரி இருந்தால் அது இரும்புப் பாக்டீரியாவின் வேலை. அதற்குக் கிணற்றையே குளோரின் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

கேள்வி: வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம்?

கிணற்றைத் திட்டாதீர்கள். ஹீட்டர் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே வைத்திருக்கும் மெக்னீசியம் தண்டாலும் இந்த நாற்றம் வரும், அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சைத் தண்ணீரும் நாறினால் மட்டும் கிணற்றுப் பக்கம் வரலாம்.

கேள்வி: மழை பெய்த மறுநாள் தண்ணீர் கலங்குகிறது. கொதிக்கவைத்துக் குடித்தால் போதாதா?

கிருமி சாகும். உரம், சாக்கடையிலிருந்து கரைந்து வரும் நைட்ரேட் உப்பு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். மேல்தண்ணீர் எங்கோ இறங்குகிறது என்று அர்த்தம். கேசிங் மூடி, அதைச் சுற்றியுள்ள சிமென்ட் விரிசல் இரண்டையும் பாருங்கள். அடைத்த பிறகு கோலிஃபார்ம் (கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் பாக்டீரியா), நைட்ரேட் இரண்டுக்கும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கேள்வி: திறந்த கிணற்றில் நானே இறங்கித் தூர் வாரலாமா? விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

வேண்டாம். விளக்கு எரிந்தால் ஆக்சிஜன் ஓரளவு இருக்கிறது என்றுதான் தெரியும், நச்சுக் காற்றை அது காட்டாது. வாயு அளக்கும் கருவி, காற்றூதி, உடம்பு முழுக்க மாட்டும் பாதுகாப்பு வாரும் கயிறும், மேலே ஆள் என எல்லாம் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். உள்ளே ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கவே கூடாது. அதனால்தான் கயிறு அந்த வாரில் கட்டியிருக்க வேண்டும், மேலிருந்தே இழுக்கலாம்.